பதினோராவது டீ

அழகர்கோவிலுக்குப் போகிறவர்கள் மூன்று வகை. பெருமாளைச் சேவிக்கப் போகிறவர்கள். மலைமேல் நூபுர கங்கையில் குளிக்கப் போகிறவர்கள். அழகர் தோசை சாப்பிடப் போகிறவர்கள். நான் எந்த வகை என்பதை என் சட்டை பட்டன்களைக் கேளுங்கள், கதறிக்கொண்டே சொல்லும்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸ் கோஷ்டியாக நாலு பேர் கிளம்பினோம். மதுரையிலிருந்து வடக்கே 21 கிலோமீட்டர். பெருமாளைப் பார்த்தாயிற்று. தோசையும் வாங்கியாயிற்று. (அழகர் தோசை தெரியாதவர்களுக்கு: நெய்யில் வேக வைத்த ஒரு சிறிய தலையணை.) குரங்குகளுக்கு முதுகைக் காட்டாமல் உட்கார ஒரு இடம் தேடி, கடைசியில் பதினெட்டாம்படி கருப்பசாமி சந்நிதிக்குக் கொஞ்சம் தள்ளி மர நிழலில் உட்கார்ந்தோம்.

கருப்பசாமியைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே சிலை கிடையாது. பூட்டிய பெரிய கதவு. சந்தனம் பூசிய அந்தக் கதவுதான் சாமி. கோர்ட்டுக்குப் போகாத வழக்குகூட இங்கே வந்துவிடும். 'கடன் வாங்கலை' என்பவனும், 'வரப்பை வெட்டலை' என்பவனும் இந்தப் படிக்கு வந்து சத்தியம் பண்ண வேண்டும். பல பேர் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே உண்மையைச் சொல்லிவிடுவார்கள் என்று எங்கள் தாத்தா சொல்வார்.

அப்பேர்ப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டா கிரிக்கெட் பேசுவார்கள்? பேசினோம்.

எங்கள் செக்ஷனில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவன். ஸ்கோர் எல்லாம் விரல் நுனியில். அவனிடம் வம்புக்குக் கேட்டேன்.

"இந்தியாவோட முதல் பெரிய பௌலர் யாருடா தம்பி?"

"கபில்தேவ்ணே."

"அதுக்கும் முன்னாடி."

"பேடி, பிரசன்னானு எங்கப்பா சொல்வாரு."

"அதுக்கும் முன்னாடி. டெஸ்ட் மேட்ச்சே வர்றதுக்கு முன்னாடி."

தம்பி செல்போனை எடுத்தான். மலையடிவாரம். சிக்னல் ஒரு கோடு வந்து, எட்டிப் பார்த்து, போய்விட்டது. எனக்கு நல்ல நேரம்.

"பால்வங்கர் பாலு" என்றேன். "தோசையை இந்தப் பக்கம் தள்ளு, சொல்றேன்."

*

பாலு பிறந்தது 1876-ல், தார்வாட்டில். தோல் வேலை செய்யும் சாதி. அந்தக் காலத்துக் கணக்கில் 'தீண்டத்தகாதவர்'. அப்பாவுக்கு ராணுவத்தில் வேலை. வெள்ளைக்கார ஆபீசர்கள் ஆடித் தேய்த்துப் போட்ட பந்தையும் மட்டையையும் வைத்துத்தான் பாலுவும் தம்பி சிவராமும் கிரிக்கெட் பழகினார்கள்.

முதல் வேலை பூனாவில், பார்ஸிகளின் கிரிக்கெட் கிளப்பில். பிட்ச்சைப் பெருக்க வேண்டும். ரோலர் இழுக்க வேண்டும். மெம்பர்கள் கூப்பிட்டால் நெட்டில் பந்து போட வேண்டும். சம்பளம் மாசம் 3 ரூபாய். பிறகு வெள்ளைக்காரர்களின் கிளப்புக்கு மாறினார். 4 ரூபாய். அதாவது 33 சதவீத இன்கிரிமென்ட். நான் பி.காம்., இதையெல்லாம் கவனிக்காமல் இருக்க முடியாது. என் பதினாலு வருஷ சர்வீஸில் அப்படி ஒரு இன்கிரிமென்ட்டை நான் பார்த்ததில்லை.

அந்த கிளப்பில் ஜே.ஜி. கிரெய்க் என்று ஒரு துரை. அந்த நாளில் இந்தியாவிலிருந்த வெள்ளைக்காரர்களில் பெரிய பேட்ஸ்மேன். எல்லோரும் வருவதற்கு முன்னாலேயே வந்து, பாலுவைப் பந்து போடச் சொல்லிப் பிராக்டிஸ் பண்ணுவாராம். தன்னை ஒரு தடவை அவுட்டாக்கினால் 8 அணா பரிசு கொடுப்பார் என்று ஒரு கதை உண்டு. வாரத்துக்கு இரண்டு தடவை அவுட்டாக்கினால் மாசம் 4 ரூபாய் எக்ஸ்ட்ரா. இன்னொரு சம்பளம்! பாலுவின் இடதுகை ஸ்பின் கூர்மையாகிக்கொண்டே போனதில் ஆச்சரியம் உண்டா?

ஒரு விஷயம் மட்டும் நடக்கவில்லை. அத்தனை மணி நேரம் பந்து போட்டவரிடம் மட்டையைக் கொடுத்து, 'நீயும் கொஞ்சம் ஆடிப் பாரேன்' என்று ஒருவரும் சொல்லவில்லை. பேட்டிங் என்பது துரைமார்களுக்கும் ராஜாக்களுக்கும். வெயிலில் வேர்த்து ஊற்றப் பந்து போடுவது வேலைக்காரர்களுக்கு. இந்தப் பாயின்ட்டைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

பூனா இந்துக்களின் கிளப்புக்கு வெள்ளைக்காரர்களை ஜெயிக்க வேண்டும் என்று ஆசை. ஜெயிக்க வேண்டுமானால் பாலு வேண்டும். பாலு வேண்டுமானால் சாதி குறுக்கே நிற்கிறது. மெம்பர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். முடிவில் சாதி கொஞ்சம் நகர்ந்து கொடுத்தது. ரொம்ப இல்லை, பவுண்டரி லைன் வரைக்கும்.

மைதானத்துக்குள் எல்லோரும் சமம். பாலு போட்ட பந்தைப் பிராமண ஃபீல்டர் பிடிப்பார், தடவுவார், பாலுவிடமே திருப்பி எறிவார். பந்துக்குத் தீட்டு இல்லை. டீ இடைவேளை வந்ததும் தீட்டு வந்துவிடும். மற்றவர்களுக்குப் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பையில் டீ. பாலுவுக்கு வெளியே, மண் குவளையில். குடித்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். மத்தியானச் சாப்பாடு தனித் தட்டில், தனியாக. முகம் கழுவத் தண்ணீர் வேண்டுமானால் அவர் சாதி வேலையாள் ஒருவர் ஓரமாகக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

விக்கெட்டுகள் விழ விழ நிலைமை கொஞ்சம் இளகியது. நீதிபதி ரானடே மாதிரிப் பெரிய மனிதர்கள் பாலுவைப் பகிரங்கமாகப் பாராட்டினார்கள். பூனாவில் பிளேக் பரவிய சமயத்தில் குடும்பம் பம்பாய்க்குப் போனது. அங்கே இந்து ஜிம்கானா. அங்கேயும் சிலர் முகம் சுளித்தார்கள். அங்கேயும் விக்கெட்தான் பேசியது. ரயில்வே கம்பெனியில் வேலையும் கிடைத்தது.

1906-ல் பம்பாயில் இந்துக்களும் வெள்ளையர்களும் மோதினார்கள். முதல் இன்னிங்ஸில் இந்துக்கள் 242, வெள்ளையர் 191. இரண்டாவதில் 160-க்கு 102. கூட்டிக் கழித்தால் 109 ரன்னில் இந்துக்கள் ஜெயம். ஆண்டவர்களை ஆளப்பட்டவர்கள் ஜெயித்தார்கள் என்று ஊரே கொண்டாடியது. அந்த ஜெயத்தில் பாலுவின் பந்துக்குப் பெரிய பங்கு.

1911-ல் முதன்முறையாக 'அகில இந்திய' டீம் ஒன்று இங்கிலாந்து போனது. கேப்டன் பாட்டியாலா மகாராஜா. வயசு இருபதுகூட நிரம்பவில்லை. அவருக்குக் கிரிக்கெட்டை விட விருந்துகளில் அதிக வேலை. டீம் 23 மேட்ச் ஆடி 15-ல் தோற்றது. பாலுவுக்கு அப்போது 35 வயசு. தோள்வலி வேறு. எடுத்த விக்கெட் எத்தனை தெரியுமா? 114. ஒரு விக்கெட்டுக்குச் சராசரியாக 19 ரன்கூடக் கொடுக்கவில்லை.

திரும்பி வந்தவருக்குப் பம்பாயில் ஒடுக்கப்பட்ட மக்கள் வரவேற்பு விழா நடத்தினார்கள். வரவேற்புப் பத்திரத்தை எழுதியது ஒரு கல்லூரி மாணவர். பெயர் பி.ஆர். அம்பேத்கர்.

"சட்டம் எழுதினவரா?" என்றான் தம்பி, தோசையை மறந்து.

"அவரேதான். அவருக்கு அப்ப பாலுதான் ஹீரோ."

*

"அப்ப பாலு கேப்டன் ஆயிட்டாரா?"

இல்லை. அதுதான் விஷயம். வருஷா வருஷம் பேச்சு அடிபடும். வருஷா வருஷம் வேறு யாராவது கேப்டன் ஆவார்கள். பந்து போட பாலு வேண்டும், பந்தை யார் போடுவது என்று தீர்மானிக்க பாலு வேண்டாம். 1920-ல் பாலுவை டீமிலிருந்தே எடுத்தார்கள். கேப்டன் பதவியும் தம்பிகளைத் தாண்டி வேறொருவருக்குப் போனது. டீமிலிருந்த தம்பிகள் சிவராமும் விட்டலும் 'நாங்கள் ஆடவில்லை' என்று விலகிக்கொண்டார்கள். பத்திரிகைகளில் ரகளை. பிறகு சமரசம். பாலுவைத் திரும்பக் கூப்பிட்டு வைஸ் கேப்டன் ஆக்கினார்கள். வைஸ்!

1923-ல் தம்பி விட்டல் இந்துக்களின் கேப்டன் ஆனார். கோப்பையையும் ஜெயித்தார். அண்ணனுக்குக் கிடைக்காதது தம்பிக்குக் கிடைத்தது. இந்தியாவின் முதல் டெஸ்ட் 1932-ல் லார்ட்ஸில் நடந்தபோது பாலுவுக்கு 56 வயசு. ஆக ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. முதல்தர மேட்ச் 33, விக்கெட் 179. சராசரி 15.21.

அப்புறம் அரசியல். 1932-ல் பூனா ஒப்பந்தம் நடந்தபோது, நம் மதராஸ் எம்.சி. ராஜாவுடன் சேர்ந்து பாலு காந்தி பக்கம் நின்றார். 1937 தேர்தலில் காங்கிரஸ் பாலுவை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. வரவேற்புப் பத்திரம் எழுதிய கையும் அதை வாங்கிக்கொண்ட கையும் எதிரெதிரே! அம்பேத்கர் 13,245. பாலு 11,225. இரண்டாயிரத்து இருபது ஓட்டில் தோற்றார். 1955-ல் காலமானார்.

"இந்த மாதிரிக் கூத்து நம்ம ஊர்லதான்ணே நடக்கும்" என்றான் தம்பி.

அப்படியும் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் சாட்செல் பெய்ஜ் என்று ஒரு ஆள். பேஸ்பாலில் பந்து எறிகிறவர், நம் பௌலர் மாதிரி. கறுப்பர். பெரிய லீக்கின் கதவு கறுப்பர்களுக்குச் சாத்தியே கிடந்தது. அதனால் கறுப்பர்களுக்கான தனி லீக்குகளில், ஊர் ஊராக பஸ்ஸில் போய் ஆடினார். 1947-ல் ஜாக்கி ராபின்சனுக்குக் கதவு திறந்தது. அடுத்த வருஷம் பெய்ஜை கிளீவ்லண்ட் டீம் எடுத்தது. அப்போது அவருக்கு வயசு 42. நம் ஊரில் அந்த வயசில் முழங்கால் வலித் தைலம் தேடுவோம். அவர் 1965-ல், 59 வயசில்கூட ஒரு மேட்ச்சில் 3 இன்னிங்ஸ் எறிந்து ஒரு ரன் கொடுக்கவில்லை!

1971-ல் அவரை பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் சேர்க்க முடிவெடுத்தார்கள். எப்படி? கறுப்பர் லீக்கில் ஆடியவர்களுக்கென்று தனிப் பகுதி வைத்து. வாழ்நாள் பூரா தனியாக ஆட விட்டு, மரியாதையையும் தனி டம்ளரில் ஊற்றப் பார்த்தார்கள். பத்திரிகைகள் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டதும், எல்லோரோடும் ஒன்றாகவே சேர்த்துக்கொண்டார்கள்.

நாமும் ரொம்பப் பெருமைப்பட வேண்டாம். பாலு இங்கிலாந்தில் 114 விக்கெட் எடுத்தது 1911-ல். நம் மதுரை மீனாட்சியம்மன் கோவிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் முதலானவர்கள் நுழைந்தது 1939 ஜூலை 8-ம் தேதி. இருபத்தெட்டு வருஷம் கழித்து. லார்ட்ஸ் பக்கம், மாசி வீதி தூரம்!

*

நான் மூச்சு விடாமல் பேசி முடித்ததும் தம்பி சும்மா இருந்திருக்கலாம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது.

"உங்க ஊர்லயும் டீம் இருந்துச்சுனு சொல்வீங்களேண்ணே. அதுல எப்படி?"

"எங்க டீம்ல அதெல்லாம் கிடையாதுடா. எல்லாரும் ஒண்ணாத்தான் ஆடுனோம்" என்றேன்.

சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தால், எதிரே சந்தனம் பூசிய கதவு.

பொய் சொல்லவில்லை. ஒன்றாகத்தான் ஆடினோம். ஆனால் வாயில் இருந்த தோசை அதற்குமேல் இறங்க மாட்டேன் என்றது.

எங்கள் ஊர் இங்கிருந்து பஸ்ஸில் அரை மணி. 2008 பொங்கல். நான் பி.காம். கடைசி வருஷம். அறுத்த வயலில் டென்னிஸ் பால் டோர்னமென்ட். முதல் பரிசு ஒரு கிடா. எங்கள் டீமில் இடதுகைக்காரன் ஒருவன் இருந்தான், காலனிப் பையன். 'லெஃப்ட்டு' என்றுதான் கூப்பிடுவோம். டென்னிஸ் பந்தை அப்படித் திருப்பியவனை நான் பார்த்ததில்லை. செமி ஃபைனலில் கடைசி ஓவரில் 3 விக்கெட் எடுத்து ஜெயித்துக் கொடுத்தான். தோளில் தூக்கிக்கொண்டு டீக்கடை வரைக்கும் போனோம். டீக்கடைக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறக்கிவிட்டோம்.

கடைக்காரர் பத்து கண்ணாடி கிளாஸில் டீ ஆற்றினார். பதினோராவது டீ பிளாஸ்டிக் கப்பில் வந்தது. பெஞ்சின் ஓரத்தில் வைத்தார். லெஃப்ட்டு அதை எடுத்துக்கொண்டு புளியமரத்தடிக்குப் போனான். யாரும் எதுவும் சொல்லவில்லை. கேட்டிருந்தால், 'கப்புதான் தம்பி சுத்தம்' என்றுகூடச் சொல்லியிருப்பார்கள். பூனாவில் மண் குவளை, எங்கள் ஊரில் பிளாஸ்டிக். நூறு வருஷத்தில் நாங்கள் அடைந்த முன்னேற்றம் அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. லெஃப்ட்டுக்கும் எனக்கும் ஒரே வயசு. நான் 'வாடா' என்பேன். அவன் 'வாங்க' என்பான். (கவனித்தீர்களா? இதை எழுதும்போதும் அவன், இவன் என்றே வருகிறது.)

அன்று ராத்திரி ஊருக்குப் போய்ப் பரணில் ஏறினேன். காமர்ஸ் படிக்கிற பையன் என்று அந்த டீமுக்கு நான்தான் பொருளாளர். பைசா சுத்தமாகக் கணக்கு எழுதுவேன். நாற்பது பக்க நோட்டு. பூச்சி அரித்திருந்தது. ஆனால் அந்தப் பக்கம் பத்திரமாக இருந்தது. என் கையெழுத்து, நீல மை.

'பந்து 2, 50 ரூபாய்.

டீ 10, 30 ரூபாய்.

கப் டீ 1, 3 ரூபாய்.'

இரண்டும் ஒரே டீ. ஒரே விலை. மொத்தமாக 'டீ 11, 33 ரூபாய்' என்று எழுதினால் கணக்கு சரியாகவே வரும். பிறகு எதற்குத் தனி வரி? யாரும் அப்படி எழுதச் சொல்லவில்லை. கடைக்காரர் தனி கப் வைத்தார் என்று இத்தனை நாள் அவர்மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தேன். தனி வரி போட்டது நான்.

*

லெஃப்ட்டு இப்போது மதுரையில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். நம்பர் தேடிப் பிடித்து மறுநாள் போன் பண்ணினேன்.

"எப்படி இருக்கீங்க?" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் லேத் சத்தம் மட்டும். பிறகு சிரிப்பு. "என்னங்க, புதுசா மரியாதையெல்லாம் பலமா இருக்கு? கடன் கிடன் வேணுமா?"

இல்லை என்று சொல்லி, பாலு கதையை ஆரம்பித்தேன். 3 ரூபாய் சம்பளம், 8 அணா, 114 விக்கெட், கேப்டன் ஆகாதது. மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். மண் குவளை வந்த இடத்தில் என் குரல் கொஞ்சம் தடுமாறியது. அதை வைத்து நோட்டு விஷயத்துக்கு வரலாம் என்று பார்த்தேன். அவர் விடவில்லை.

"அதை விடுங்க. அந்த டீயெல்லாம் நான் அன்னைக்கே மரத்தடில ஊத்திட்டேன்" என்றார். "ஒண்ணு சொல்லுங்க. பாலுவ பேட்டிங்ல எத்தனாவதா எறக்குனாங்க?"

நாலு வருஷம் எங்கள் டீமில் ஆடியவர். ஒரு மேட்ச் பாக்கியில்லாமல், பேட்டிங் ஆர்டரை எழுதியதும் நான்தான். அதே நோட்டு. அதே நீல மை. ஒவ்வொரு பக்கத்திலும் அவர் பெயர் பதினோராவதாகத்தான் இருக்கிறது.

"தெரியலைங்க" என்றேன்.

நல்லவேளை, போனில் பேசினோம். கருப்பசாமி கோவில் வாசலாக இருந்திருந்தால் மாட்டியிருப்பேன்.